பட்டு நூலில் எழுந்த பட்டணம்

கப்பல் ஏறுகிறவர்களில் பல தினுசு உண்டு. திரவியம் தேடப் போகிறவர்கள் ஒரு சாரார். கல்விக்காகப் போகிறவர்கள் ஒரு சாரார். வைத்தியர் சொன்னார் என்று கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் ஒரு சாரார். ஊசியும் நூலுமாகப் புறப்பட்டு, தைப்பதற்கென்றே கடற் பிரயாணம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று சொன்னால் நேயர்கள் நம்புவதற்குச் சற்றுத் தயங்கலாம். ஆனால் விஷயம் உண்மை.

இக்காலத்து உல்லாசக் கப்பல்களில், ஒவ்வொரு யாத்திரைக்கும் ஒரு பொழுதுபோக்கை முன்னிட்டு ஜனங்களைச் சேர்க்கும் வழக்கம் வந்திருக்கிறது. சங்கீதப் பிரியர்களுக்கு ஒரு யாத்திரை, சதுரங்கப் பிரியர்களுக்கு ஒன்று, புகைப்படம் பிடிப்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் சென்றது கைத்தையல்காரர்களின் கப்பல். நாங்கள் என்றால் தம்பதிகள் இருவர், எங்கள் அத்தை, அத்தையின் பேத்தி ஆக நால்வர். இவர்களில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர் அத்தை ஒருவர்தான். மற்ற மூவரும் அவருடைய பெட்டியைத் தூக்குவதற்காகச் சென்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் நடுக்கடலில் இருக்கும் நாட்களில் பெரிய கூடத்தில் தையற்காரர்களின் சபை கூடும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்துப் போர்வை தைப்பார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற இஞ்சினீயர் ஒருவர் கம்பளி நூலில் காலுறை பின்னுவார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் ஒரு முடிச்சைக் காட்டி, விரலால் இரண்டு ஜாடை செய்துவிட்டால் சம்பாஷணை முடிந்துவிடும். ஜப்பானிய ஆசிரியை ஒருவர் 'ஸாஷிகோ' என்னும் தையலைக் கற்பித்தார். நீலத் துணியில் வெள்ளை நூலால் வரிசையாக ஓட்டும் தையல் அது. பார்வைக்குச் சித்திர வேலைபோல் இருக்கிறது. வட ஜப்பானின் ஏழைக் குடியானவர்கள், நைந்த துணியை இரண்டு மூன்று மடிப்பாக வைத்துத் தைத்துக் குளிரைத் தாங்கிக்கொண்ட முறையே பிற்காலத்தில் அலங்காரமாகியது என்று அவர் சொன்னார். அதைக் கேட்டது முதல் அத்தைக்கு அந்தத் தையலின்மேல் ஒரு தனி மரியாதை உண்டாகிவிட்டது.

இப்படியாகத் தைத்துக்கொண்டே நாங்கள் போய்ச் சேர்ந்த துறைமுகம் யோகோஹாமா. நூலை விளையாட்டாகக் கையாளுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய ஊர் அது. ஏனென்றால், அந்த ஊரே நூலால் உண்டான ஊர்.

திமிங்கிலத்தின் முதுகு

துறைமுக வாயிலில் 860 மீட்டர் நீளமுள்ள சாய்வடப் பாலம் ஒன்று இருக்கிறது. 1989-ல் திறக்கப்பட்டது. மிக உயரமான நவீனக் கப்பல்கள் அதன் அடியில் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. எங்கள் கப்பல் நடுத்தரமானது. ஆயினும் புகைபோக்கி பாலத்தில் இடித்துவிடுமோ என்று மேல்தட்டில் நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கப்பல் அணைந்த இடத்துக்கு ஓஸான்பாஷி என்று பெயர். அங்கே முதன்முதல் இரும்புத் துறைமேடை கட்டியது 1894-ல். இப்போதுள்ள கட்டடம் 2002-ல் எழும்பியது. அதன் கூரை முழுவதும் மரப்பலகை வேய்ந்து, அலையலையாக மேடும் பள்ளமுமாக அமைத்து, நடுவில் புல்லும் வளர்த்திருக்கிறார்கள். கட்டடத்தின் உள்ளிருந்து கூரைக்குப் படியே ஏறாமல் சாய்தளத்தில் நடந்து போய்விடலாம். ஊரார் அதற்குத் 'திமிங்கிலத்தின் முதுகு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியுள்ள அத்தைக்கு அந்தத் திமிங்கிலத்தை மிகவும் பிடித்துப் போய்விட்டது.

அதன் மேலிருந்து பார்த்தால், 1917, 1928, 1934 ஆகிய வருஷங்களில் கட்டிய மூன்று பழைய கோபுரங்கள் தெரிகின்றன. சீட்டுக்கட்டை வைத்து அவற்றுக்கு முறையே ஜாக்கி, ராஜா, ராணி என்று பெயரிட்டிருக்கிறார்கள். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் நினைத்தது பலிக்குமாம். அவற்றுக்குப் பின்னால் 1993-ல் கட்டிய 296 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று, சீட்டாட்டத்தில் சேராத பணக்காரரைப்போல் தனியே நிற்கிறது.

புழுவின் மகிமை

துறைமேடையை விட்டு இறங்கிச் சாலையைக் கடந்தால் பட்டுக் காட்சிசாலை. இது நிற்கும் நிலத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. யோகோஹாமா சுமார் நூறு வீடுகளே கொண்ட செம்படவர் கிராமமாக இருந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து பயமுறுத்தியதன் பேரில் ஜப்பான் உடன்படிக்கைகளில் கையெழுத்திட்டு, 1859-ல் இவ்விடத்தை அந்நிய வியாபாரத்துக்குத் திறந்துவிட்டது. வெள்ளைக்காரர் குடியிருப்பில் 'முதல் நம்பர்' மனையைப் பிடித்தது ஜார்டின் மாத்திஸன் கம்பெனி. சீனாவுக்கு அபினி விற்றுப் பொருள் சேர்த்த அதே கம்பெனிதான். துறைமுகம் திறந்து நூறு வருஷம் ஆனதைக் கொண்டாடும் முறையில், அந்த மனையிலேயே 1959-ல் பட்டுக் காட்சிசாலையை அமைத்தார்கள்.

அந்த உடன்படிக்கைகள் சமத்துவமற்றவை. ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்த அந்நியனை ஜப்பானிய நியாயஸ்தலம் விசாரிக்க முடியாது. சுங்க வரியை ஜப்பான் தன் இஷ்டப்படி விதிக்க முடியாது. முதல் தளை 1899-லும், இரண்டாவது 1911-லும்தான் அறுந்தன. அதுவரையில் அந்த நாடு இயந்திரம் வாங்கவும், ரயில் போடவும், கப்பல் கட்டவும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு ஒரு புழுவின் வாயிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் பட்டுப்புழுக்கள் கொள்ளை நோயில் மடிந்தன. ஐரோப்பிய நெசவாலைகளின் பார்வை ஜப்பான்மேல் விழுந்தது. அன்று முதல் 1930-க்கள் வரையில் ஜப்பானின் ஏற்றுமதியில் கச்சாப் பட்டே தலைமை ஸ்தானம் வகித்தது. அதில் பெரும் பகுதி இந்தத் துறைமுகத்தின் வழியாகத்தான் போயிற்று.

காட்சிசாலையில் முசுக்கட்டை இலை தின்னும் புழுவிலிருந்து பட்டாடை வரையில் எல்லாவற்றையும் வரிசைக் கிரமமாக வைத்திருக்கிறார்கள். ஒரு பட்டுக்கூட்டிலிருந்து பிரியும் இழை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இருக்கும். 1,500 மீட்டர் போவதும் உண்டு. ஒரு கிமோனோ அங்கிக்கு ஏறக்குறைய 3,000 கூடுகள் வேண்டும். காஞ்சீபுரத்துச் சேலையைக் கையில் தூக்கி எடை பார்த்தே பழகிய அத்தை, இந்தக் கணக்கைக் கேட்டுத் தம் சேலைத் தலைப்பைத் தாமே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

கூட்டைக் கொதிநீரில் இட்டு இழை பிரிக்கும் வேலையைப் பற்றியும் அங்கே அறியலாம். 1872-ல் ஜப்பானிய அரசாங்கம் டோமியோகா என்னும் ஊரில் பிரெஞ்சு இயந்திரங்களைக் கொண்டு ஒரு மாதிரி ஆலை ஏற்படுத்தியது. வேலைக்குப் பெண்கள் வரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் திராட்சை மது குடிப்பதைப் பார்த்தவர்கள், அவர்கள் கன்னிப் பெண்களின் ரத்தத்தைக் குடிப்பதாகக் கதை கட்டிவிட்டார்கள். ஆலைத் தலைவர் தம் சொந்த மகளை முதலில் சேர்த்த பிறகே மற்றவர்கள் துணிந்தார்கள்.

அந்த முதல் ஆலையில் வேலை நேரம் மிதமாகவே இருந்தது. பின்னர் மலைநாட்டு ஜில்லாக்களில் பெருகிய தனியார் ஆலைகளின் கதை வேறு. ஹிடா பிரதேசத்து ஏழைச் சிறுமிகள் நோமுகி என்னும் பனிக்கணவாயைக் கால்நடையாகக் கடந்து ஸுவா ஏரிக்கரை ஆலைகளுக்குப் போனார்கள். தகப்பனார் முன்பணம் வாங்கிவிடுவார். பெண் அதை உழைத்துத் தீர்க்க வேண்டும். நாளுக்குப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆவியிலும் கொதிநீரிலும் விரல்கள் வெந்தன. அவர்களுடைய துயரத்தைச் சொல்லும் நூல் 1968-ல் ஜப்பானில் வெளிவந்து, பின்னர் சினிமாவாகவும் வந்தது.

"தினம் தினம் வெந்நீரிலே கையை வைத்தால் விரல் என்னத்துக்கு ஆகும்?" என்று அத்தை கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

இடிபாட்டின்மேல் ஒரு பூங்கா

காட்சிசாலைக்குச் சமீபத்தில் கடலோரமாக யமாஷிதா பூங்கா நீண்டு கிடக்கிறது. ரோஜாப் பாத்திகளும், நீரூற்றும், காற்று வாங்கும் குடும்பங்களும் நிறைந்த அந்தப் பூங்காவின் அடியில் இருப்பது ஒரு நகரத்தின் எலும்புகள். 1923 செப்டம்பர் 1-ந் தேதி, நடுப்பகலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் வந்த பூகம்பத்திலும், அதைத் தொடர்ந்த தீயிலும் யோகோஹாமா அநேகமாகத் தரைமட்டமாயிற்று. நகரில் மாண்டவர்கள் இருபதினாயிரத்துக்கும் மேல். இடிந்த செங்கல்லையும் சாம்பலையும் கடலில் கொட்டித் தூர்த்து, அதன்மேல் இந்தப் பூங்காவைப் போட்டு, 1930-ல் திறந்தார்கள்.

பூங்காவின் ஒரு கோடியில் கும்மட்டத்துடன் கூடிய சிறு மண்டபம் ஒன்றைக் கண்டு எங்கள் கால்கள் தாமாக நின்றன. வண்ணக் கற்கள் பதித்த அதன் உட்கூரை, ஜப்பானில் இருப்பதாகவே தோன்றவில்லை. அதன் பெயர் 'இந்திய நீர்க் கோபுரம்'. தாகசாந்திக்காகக் கட்டிய நீரூற்று அது. பட்டு வியாபாரத்துக்காக இந்தியர்கள், முக்கியமாகச் சிந்திகள், இவ்வூரில் கடை வைத்திருந்தார்கள். பூகம்பத்தில் அவர்களிலும் பலர் மாண்டார்கள். தப்பியவர்களுக்கு ஊரார் இடமும் ஆதரவும் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாகவும், இறந்தவர்களின் ஞாபகமாகவும் இந்திய வியாபாரிகள் 1930-க்களின் பிற்பகுதியில் இதைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்நிய நாட்டில் நம்மவர் வைத்த தண்ணீர்ப் பந்தல்! பேத்தி கீழே உட்கார்ந்து அதைப் படம் வரைய ஆரம்பித்துவிட்டாள்.

ஆனால் அந்த நாட்களின் கதையை முழுவதும் சொல்லியாக வேண்டும். நம்மவருக்கு ஆதரவு கிடைத்த அதே வாரத்தில், கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று ஒரு பொய் வதந்தி கிளம்பிற்று. யோகோஹாமாவிலும் டோக்கியோவிலும் சுற்றுப்புறங்களிலும் ஜனக் கும்பல்களும், சில இடங்களில் போலீஸாரும் சிப்பாய்களும், ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றார்கள். கொரியா 1910 முதல் ஜப்பானின் ஆதீனத்தில் இருந்தது. ஒரே ஊர், ஒரே வாரம்: ஒருவனுக்குத் தண்ணீர், மற்றவனுக்குக் கத்தி. அந்நியர் பூட்டிய விலங்கை உடைத்துக்கொண்ட தேசம், அதே விலங்கை அடுத்த வீட்டுக்காரன் காலில் மாட்டியதன் பலன் இது என்று எங்களுக்குத் தோன்றியது.

பட்டு அறை கொண்ட கப்பல்

பூங்காவின் ஓரத்திலேயே, 163 மீட்டர் நீளமுள்ள 'ஹிகாவா மாரு' என்னும் பழைய கப்பல் நிரந்தரமாகக் கட்டப்பட்டு நிற்கிறது. இதே ஊரில் 1930-ல் கட்டி, அமெரிக்காவின் ஸியாட்டில் துறைமுகத்துக்கு ஓட்டினார்கள். 1932-ல் சார்லி சாப்ளின் இதில் பிரயாணம் செய்தார். முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடத்தின் பளபளப்பையும், மூன்றாம் வகுப்பின் அடுக்குப் படுக்கைகளையும் இப்போது ஒரே சீட்டுக்குப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமல்ல.

எங்கள் கோஷ்டியைக் கவர்ந்தது வேறொரு சமாசாரம். இந்தக் கப்பலில் கச்சாப் பட்டுக்கென்று தனி அறை அமைத்திருந்தார்கள். ஈரமும் நாற்றமும் படாமல் பட்டு மூட்டைகள் அதில் பத்திரமாகப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தன. மறுகரையில் பட்டுக்காகவே விசேஷ ரயில்கள் காத்திருந்தன. மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டு அவை நியூயார்க் பக்கம் பறந்தன. அங்கே அந்த நூல் சீமாட்டிகளின் காலுறையாயிற்று. 1929-ல் அமெரிக்கச் சந்தை சரிந்ததும் பட்டு விலை விழுந்தது. ஜப்பானியக் கிராமங்கள் கடனில் மூழ்கின. 1940-ல் நைலான் காலுறை கடைக்கு வந்தபோது பட்டுக் காலுறையின் காலம் முடிந்தது. யுத்தத்தில் இக்கப்பல் ஆஸ்பத்திரிக் கப்பலாகி, கண்ணிவெடிகளுக்குத் தப்பிப் பிழைத்தது. அதைப் பெற்ற நகரம் தப்பவில்லை. 1945 மே 29-ந் தேதி காலையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு பொழிந்து யோகோஹாமாவை இரண்டாம் முறை சாம்பலாக்கின.

பட்டுப் பிரபுவின் தோட்டம்

மத்தியானம் பஸ் ஏறி ஸான்கேயென் என்னும் தோட்டத்துக்குப் போனோம். பட்டு வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஹாரா டோமிதாரோ (1868–1939) அமைத்தது. மூன்று பக்கம் குன்று, நடுவில் குளம், குளத்துக்கு மேலே மூன்று நிலைக் கோபுரம். கோபுரம் 1457-ல் வேறு ஊரில் கட்டப்பட்டது; 1914-ல் இங்கே கொணர்ந்து நிறுத்தினார். இப்படியே கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய மாளிகைகளையும் தேநீர்க் குடில்களையும் பிரித்து எடுத்துவந்து மீண்டும் பூட்டி வைத்தார். இவ்வளவையும் தம் குடும்பத்துக்கென்று மதில் போட்டுக்கொள்ளாமல், 1906-லேயே வெளித்தோட்டத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார். பூகம்பத்துக்குப் பிறகு, கலைப்பொருள் சேகரிப்பதை நிறுத்திவிட்டு நகரத்தைப் புனருத்தாரணம் செய்யும் வேலையில் முன்னின்றார். பெரிய மனிதர் என்பதில் சந்தேகமில்லை.

இந்தத் தோட்டத்தில்தான் 1916-ம் வருஷம் கோடைகாலத்தில் ரவீந்திரநாத் டாகுர் ஹாராவின் விருந்தாளியாகத் தங்கினார். அவ்வருஷம் வெளியான தம் 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' என்ற சிறு கவிதை நூலை அவருக்கே சமர்ப்பணமும் செய்தார். முதலில் ஜப்பானியர் அவருக்கு அளித்த வரவேற்பு பிரமாதமாக இருந்தது. ஆசியாவுக்கு முதல் நோபல் பரிசு பெற்றுத் தந்தவர் அல்லவா? ஆனால் கவி தம் பிரசங்கங்களில், மேல்நாட்டாரின் விஞ்ஞானத்தைக் கற்றுக்கொள்வது நல்லது, அவர்களுடைய ஆதிக்க வெறியையும் சேர்த்துக் கற்றுக்கொள்வது கேடு என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். வரவேற்பின் சூடு ஆறிவிட்டது. அடிமைப்பட்ட தேசத்துக் கவி நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாரே என்று சிலர் பரிகசித்தார்கள். இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, 1945-ல், எரிந்த நகரங்களே அவருக்குச் சாட்சி சொல்லின. அவர் தங்கிய மாளிகை 1923 பூகம்பத்திலேயே இடிந்துவிட்டது; அதன் மிச்சம் இன்னும் தோட்டத்தில் இருக்கிறது.

குளக்கரைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. டோமியோகா ஆலையை 1902 முதல் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நடத்தியது ஹாராவின் கம்பெனியே. அந்த ஆலை 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகாரம் பெற்றது. ஆகவே இந்தக் கோபுரம், இந்தக் குளம், கவிக்குச் செய்த உபசாரம் எல்லாம் வெந்நீரில் விரல் வைத்த பெண்களின் உழைப்பில் வந்தவை. "அதற்காகத் தோட்டத்தை ரசிக்கக்கூடாதா?" என்று பேத்தி கேட்டாள்.

"நன்றாக ரசி, அம்மா. தஞ்சாவூர்க் கோயிலை ரசிக்கவில்லையா? கல் சுமந்தவனையும் கொஞ்சம் நினைத்துக்கொள், அவ்வளவுதான்" என்றார் அத்தை.

விவாதம் அத்துடன் முடிந்தது.

கடைவீதியும் கப்பலும்

திரும்பும் வழியில் கைக்குட்டையும் கழுத்துத் துணியும் விற்கும் கடைக்குப் போனோம். பட்டுத் துணியில் பல வர்ண அச்சுப் பதிக்கும் தொழில் யோகோஹாமாவுக்கே உரியது. ஒரு காலத்தில், சாயமிட்ட துணிகளை ஊருக்குள் ஓடும் ஆறுகளில் அலசுவார்களாம். 1920, 1930-க்களில் ஜப்பான் பட்டும் செயற்கைப் பட்டும் நம் நாட்டுக் கடைகளில் வந்து குவிந்து, கைத்தறிக்காரர்களைக் கலங்க அடித்தது நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. இன்று நிலைமை தலைகீழ். ஜப்பானில் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் மிகவும் குறைந்துவிட்டன; உலகத்தில் கச்சாப் பட்டு உற்பத்தியில் சீனா முதலாவதாகவும் இந்தியா இரண்டாவதாகவும் நிற்கின்றன. சக்கரம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே, கொதிநீர் அண்டாவின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றிய கேள்வியும் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. நம் ராமநகரத்திலும் தர்மபுரியிலும் பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் விலையை விசாரிப்பதோடு நில்லாமல், இழை பிரிக்கும் கைகளின் க்ஷேமத்தையும் விசாரிக்க வேண்டும்.

இரவு கப்பல் புறப்பட்டபோது சபை வழக்கம்போல் கூடியது. தையல் ஆசிரியை அன்று தம் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொன்னார். டோக்கியோ, யோகோஹாமாப் பக்கங்களில் பிப்ரவரி 8-ந் தேதி, வருஷத்தில் ஒடிந்தும் மழுங்கியும் போன ஊசிகளைப் பெண்கள் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முரட்டுத் துணியைக் குத்திக் குத்தி உழைத்த ஊசிகள், கடைசியாகவாவது மெத்தென்ற இடத்தில் ஓய்வெடுக்கட்டும் என்று அவற்றை மிருதுவான ஸோயாக் கட்டியில் செருகி, வணங்கி, நன்றி சொல்வார்களாம்.

அத்தை தம் பெட்டியைத் திறந்து, முனை ஒடிந்த ஊசி ஒன்றைத் தேடி எடுத்தார். அதை எறிந்துவிடாமல் ஒரு துண்டுத் துணியில் சுற்றி, "பிப்ரவரி மாதம் வரட்டும். ஜப்பான் கட்டி கிடைக்காவிட்டால் என்ன, நம் ஊர் இட்லி இருக்கிறது" என்றார்.